வடக்குக் கதவு

ஆகஸ்ட் 27, வியாழன்

இன்று மழை விட்டது. ஆல்டர்கோம்ப் ஊரின் சர்ச் கட்டிடத்தை முதல்முறையாக நிதானமாகச் சுற்றிப் பார்த்தேன்.

மகள் கோமதியின் வீடு ஒரு காலத்தில் ஊர்ப் பள்ளிக்கூடமாக இருந்தது. சாலையைக் கடந்தால் சர்ச் வாசல். மேலே ஓட்டுக்கூரை போட்ட மர வளைவு. பிணத்தை இறக்கிவைத்துப் பாதிரியாருக்காகக் காத்திருந்த இடமாம். உள்ளே கல்லறைகள், கறுத்த யூ மரங்கள், அவற்றுக்கு நடுவில் தேன் நிறக் கல்லில் சர்ச். மேற்கே சதுரமான மணிக்கூண்டு. அதை ஒட்டிச் சபை உட்காரும் பெரிய கூடம். அதற்குக் கிழக்கே, கூடத்தைவிடக் குறுகலாக, பலிபீடம் இருக்கும் பகுதி. வடக்குப் பக்கம் மட்டும் ஒழுங்கில்லை. பாதிரியார் அங்கி மாற்றும் அறை, அதன்மேல் சாய்ந்தாற்போல பாய்லர் அறை, அதன் பக்கத்தில் பச்சை நிற எண்ணெய்த் தொட்டி.

நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து குரல். "எல்லாரும் கோபுரத்தைப் பார்ப்பாங்க. நீங்க எங்க அவமானத்தைப் பார்க்கிறீங்க!"

ஹில்டா ப்ளாக்மோர். சர்ச்சின் சாவி இவரிடம்தான் இருக்கிறது. எழுபதைத் தாண்டியவர், ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். என் பெயரைக் கேட்டார். பிறவிப்பெருமாள் என்றேன். இரண்டு முறை முயன்றுவிட்டு, "பெருமாள் போதுமா?" என்றார். போதும் என்றேன். (இவர்கள் பேசுவதையெல்லாம் என் தமிழில்தான் எழுதுகிறேன்.)

அவர் சொன்ன செய்திதான் இன்றைய செய்தி. செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு ஊரே சர்ச்சைச் சுற்றிக் கைகோத்து நிற்குமாம். முதுகு சர்ச்சின் பக்கம், முகம் வெளியே. சர்ச்சைக் கட்டிப்பிடிப்பது என்பார்களாம். வளையம் கூடியதும் ஹில்டா பக்கத்து ஆளின் கையை ஒருமுறை அழுத்துவார். அவர் அடுத்தவர் கையை. அழுத்தம் சர்ச்சைச் சுற்றிக்கொண்டு ஹில்டாவின் மறு கைக்கு வந்து சேரவேண்டும். வந்தால் அவர் சத்தம் போடுவார், உடனே கேக்.

"கடைசியா எப்போ வந்தது?"

"இந்த எண்ணெய்த் தொட்டி வர்றதுக்கு ரொம்ப முந்தியாம். நான் பார்த்ததில்ல. இப்போ ஊர்ல ஆள் போதல. இந்த மூலையில எப்பவும் ஓட்டை விழும்." பிறகு பூட்ஸால் புல்லைத் தட்டினார். "பாதிரியாரம்மா சொல்லிட்டாங்க. இந்த வருஷமும் கூடலைன்னா அடுத்த வருஷத்துலேருந்து வெறும் பிக்னிக்தான். நானும் அக்டோபர்ல மகன் ஊருக்குப் போறேன். ஒரு தடவை அந்த அழுத்தம் என் கைக்கு வந்துட்டா போதும்."

ஓய்வு பெற்றதிலிருந்து ஒரு செய்தி இப்படி என் சட்டையைப் பிடித்து இழுத்ததில்லை.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

சாம்பார் வைத்தேன். கோமதி நன்றாகச் சாப்பிட்டாள். மாப்பிள்ளை சேதுவுக்கு அபர்டீனில் புராஜெக்ட் இன்னும் ஒரு மாதம் நீளுமாம். வாசலில் செருப்பு அலமாரியில் அவருடைய மூன்றாவது தட்டு காலியாக இருக்கிறது. வெளியூர் போகிறவர்கள் ஷூவை எடுத்துக்கொண்டுதான் போவார்கள்.

செப்டம்பர் 2, புதன்

மணி அடிக்கும் குழுவின் தலைவர் ரோஜரைச் சந்தித்தேன். மாட்டுப் பண்ணைக்காரர். மூன்று வயல் தாண்டி நிற்கும் மாட்டை அழைக்கும் குரலிலேயே எல்லாவற்றையும் பேசுகிறார். சர்ச்சுக்குள் அவர் "குட் மார்னிங்" சொன்னால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது.

வளையம் ஏன் கூடவில்லை என்று கேட்டதும் அவருக்கும் கூட வந்த ஹில்டாவுக்கும் சண்டை வந்துவிட்டது.

"போன வருஷம் கூடியிருக்கும். ஹில்டா கழுத்துத் துண்டை நீட்டினாள்."

"நான் மட்டுமா? நீ நாய்க் கயித்தை நீட்டினே."

"நாய் கயித்தோட மறு முனையில இருந்ததே! அதுவும் இந்த ஊர்ப் பிரஜைதான்."

"அழுத்தத்தை நாய் எப்படிக் கடத்தும் ரோஜர்?"

வாசல் பலகையில் போன வருடப் படம் இருக்கிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். மூலையில் கோமதியும் சேதுவும் கைகோத்து நிற்கிறார்கள். சேதுவின் மறு கை நீண்டிருக்கிறது. அப்புறம் ஒரு இடைவெளி. அப்புறம் நாய்.

"உங்க மாப்பிள்ளை எப்போ வர்றார்? கிரிக்கெட்ல பந்து போட எங்களுக்கு ஆளே இல்ல" என்றார் ஹில்டா.

அபர்டீனில் வேலை என்றேன். ஒரே இடத்திலிருந்து வந்த தகவல். நான் வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை.

செப்டம்பர் 5, சனி

திருநெல்வேலியில் நிருபராக இருந்த காலத்தில் தேர் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், சப்பரம் யார் வீட்டு வாசல்வரை வரவேண்டும் என்று எத்தனை தகராறுகளை எழுதியிருப்பேன்! எல்லாவற்றிலும் முதல் கேள்வி ஒன்றுதான். கடைசியாக யார் எதைக் கட்டினார்கள்? சாமி பாதையை மாற்றுவதில்லை. யாரோ படிக்கட்டைத் தெருவுக்கு நீட்டியிருப்பார்கள். பத்து வருடம் கழித்து, சாமியே அப்படித்தான் வளைந்து போவார் என்று சொல்ல ஆள் இருக்கும்.

அந்தக் கேள்வியோடு இன்று வடக்குச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். கண்டேன்! அங்கி அறைச் சுவரும் பீடப் பகுதியின் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடு. ஒன்றாகக் கட்டிய சுவரில் கற்கள் மாறி மாறிக் கோத்திருக்கும். இங்கே கோக்கவில்லை. அங்கி அறை பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. பாய்லர் அறை அதற்கும் பிற்பாடு. தொட்டி எல்லாவற்றுக்கும் கடைசி.

அப்படியானால் இவர்கள் வருடா வருடம் சர்ச்சை மட்டும் கட்டிப்பிடிக்கவில்லை. பாய்லரையும் எண்ணெய்த் தொட்டியையும் சேர்த்துக் கட்டிப்பிடிக்கிறார்கள்! கட்டிடம் வளர வளர வளையத்தை இழுத்து நீட்டியிருக்கிறார்கள். கை எட்டவில்லை. யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து கோமதியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பா, நீங்க இப்படிப் பேசிக் கேட்டு எவ்வளவு நாளாச்சு" என்றாள். போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

செப்டம்பர் 6, ஞாயிறு

ரசம். கோமதிக்குத் தலைவலி. ஊருக்கே மருந்து எழுதுகிறவள், தனக்கு வேண்டாம் என்கிறாள்.

செப்டம்பர் 8, செவ்வாய்

வரிசையாகச் சொல்கிறேன்.

தொட்டியையும் பாய்லரையும் விட்டுவிட்டாலும் பீடப் பகுதியைச் சுற்றி வருவதற்கே ஆள் போதாது என்று ரோஜர் கணக்குச் சொல்லியிருந்தார். எனவே, அங்கி அறை வருவதற்கு முன் அந்தச் சுவர் எப்படி இருந்தது என்று அறைக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஹில்டாவிடம் கேட்டேன். வெளிக்கதவைத் திறந்துவிட்டார். ஒரு சுவர் முழுக்கப் பெரிய மர அலமாரி. அதன் காலடியில் தரைக் கல் ஒன்று நடுவில் குழிந்து தேய்ந்திருந்தது. குழிவு அலமாரிக்கு அடியில் போய் மறைந்தது. அலமாரிக்குள் யாரும் நடந்து போவதில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அலமாரிக்கு மேலே, சுவரிலிருந்து வளைவாக நீட்டிக்கொண்டு ஒரு கல் விளிம்பு. நம் கோயில்களில் கொடுங்கை இருப்பதுபோல. மழைத் தண்ணீர் வாசலில் ஒழுகாமல் ஓரமாக வடிவதற்காக வைப்பது.

"ஹில்டா, இந்த அறைக்குள்ள மழை பெய்யுமா?"

"கூரை அவ்வளவு மோசமில்லை."

"அப்புறம் இது எதுக்கு?"

அவர் நாற்பது வருடமாக அதைத் துடைத்திருக்கிறார். இன்றுதான் பார்த்தார். வாயில் கை வைத்துக்கொண்டு, "ரோஜரைக் கூப்பிடறேன்" என்றார்.

ரோஜர் வந்தார். அலமாரியைக் காலி செய்தோம். கிறிஸ்துமஸ் நாடகத்துக்காகத் துணியில் தைத்த ஆட்டுத் தலைகள், ஒரு அட்டை ஒட்டகத் தலை, யாரோ மறந்துபோன கெட்டில். ரோஜர் ஒரு ஆட்டுத் தலையை மாட்டிக்கொண்டுதான் தள்ளினார். கை இரண்டும் வேண்டும், தலை வைக்க இடமில்லை என்று வாதம். அலமாரி முனகிக்கொண்டு நகர்ந்தது.

பின்னால் கதவு!

கனமான பழைய ஓக் மரம். எங்கள் பக்கம் இருந்த முகம் வெயிலிலும் மழையிலும் கிடந்து நரைத்து வெடித்திருந்தது. அறைக்குள் இருக்கிற கதவுக்கு இந்த முகம் வராது. ஒரு காலத்தில் இந்தப் பக்கம்தான் வெளியே. கதவைத் தாண்டி இருப்பது பீடப் பகுதி.

அந்தப் பக்கம் ஓடினோம். அங்கே சுவர் முழுக்க மரப்பலகை பதித்து, குளிருக்காகக் கனத்த திரை தொங்கவிட்டிருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் சுவர்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். பலகையோடு பலகையாகக் கதவும் இருந்தது. தாழ்ப்பாள் துருவில் ஒட்டியிருந்தது. ரோஜர் டிராக்டரிலிருந்து எண்ணெய் கொண்டுவந்தார். மூன்று பேரும் இழுத்தோம். திறந்தது. ஆட்டுத் தலையோடு நின்ற ரோஜரின்மேல் அத்தனை வருடத் தூசியும் விழுந்தது.

ஹில்டா சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

செப்டம்பர் 9, புதன்

யோசித்ததை எழுதுகிறேன். வடக்குக் கதவுக்கு நேர் எதிரே, பீடப் பகுதியின் தெற்குச் சுவரில், பாதிரியார் வந்துபோகும் சின்னக் கதவு இருக்கிறது. அது இன்றும் திறக்கிறது. இரண்டும் ஒரே நேரில். வளையம் தெற்குக் கதவு வழியாக உள்ளே வந்து, பீடப் பகுதியைக் குறுக்கே கடந்து, வடக்குக் கதவு வழியாக வெளியே போயிருந்தால்? கூடத்தையும் மணிக்கூண்டையும் மட்டும் சுற்றினால் போதும்!

ஏன் அப்படி? ஹில்டாவே சொன்னார். அந்தக் காலத்தில் கூடத்தைப் பழுது பார்ப்பது ஊர்மக்களின் பொறுப்பு. பீடப் பகுதி பாதிரியாரின் பொறுப்பு. ஊர் தன் பங்கைத்தான் கட்டிப்பிடித்தது.

அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே சந்தேகப்பட வேண்டும். இரண்டாவது ஆதாரம் இல்லாமல் நான் எதையும் அச்சுக்குக் கொடுத்ததில்லை.

செப்டம்பர் 11, வெள்ளி

பாதிரியார் ஃபியோனா வந்தார். ஐந்து ஊருக்கு ஒரே பாதிரியார், காரிலேயே சாப்பிடுகிறார். சாண்ட்விச்சோடு நின்று கதவைப் பார்த்தார். கண் விரிந்தது. ஆனால் ரோஜர் குறுக்கே விழுந்தார்.

"கதவு நல்ல கதவுதான். நானே எண்ணெய் போட்டேன். ஆனா ஆள் போதலைன்னு சர்ச்சைச் சின்னதாக்கறது ஏமாத்து வேலை. எங்கப்பா முழுசையும் சுத்தினார்."

"உங்கப்பா காலத்துல வளையம் கூடிச்சா?" என்றேன்.

"கூடல. ஆனா ஏமாத்தல."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என்னிடமும் ஒரே ஒரு கதவுதான் இருந்தது. கம்பளத்தை எடுக்கலாமா என்று ஃபியோனாவிடம் கேட்டேன். பீடப் பகுதியில் சிவப்புக் கம்பளம் விரித்திருக்கிறது. ஹில்டாவும் சேர நாலு பேரும் சுருட்டினோம்.

கல் தரை. பாதிரியார்கள் நடந்தால் தெற்குக் கதவிலிருந்து பீடத்தை நோக்கித் தேய வேண்டும். அந்தத் தேய்மானமும் இருந்தது, மெலிதாக. ஆனால் கதவிலிருந்து கதவுக்கு, குறுக்காக, அகலமான ஒரு பள்ளம் வாய்க்கால்போல ஓடியது.

ரோஜர் தன் பூட்ஸை அதில் வைத்தார். பீடத்தைப் பார்த்து, கூடத்துக்கு முதுகு காட்டி நின்றார். வளையத்தில் நிற்பதுபோலவே. பக்கவாட்டில் ஒரு அடி நகர்ந்தார். இன்னொரு அடி. கால் தானாகவே பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. வடக்குக் கதவு வரை அப்படியே போனார்.

"சரி" என்றார். ரோஜர் முதல்முறையாக மெதுவாகப் பேசிக் கேட்டேன். உடனே பழைய குரலுக்குத் திரும்பிவிட்டார். "ஆனா ஒண்ணு! நிஜமான பாதைன்னா நிஜமான கை. துண்டு கிடையாது. கயிறு கிடையாது. நாய் கிடையாது. கூடலைன்னா பிக்னிக்தான், நானே ஜமக்காளம் கொண்டுவரேன்."

ஹில்டா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

செப்டம்பர் 13, ஞாயிறு

ஊர் முழுக்க இதே பேச்சு. பப்பில், தபால் கடையில், என்னை யாரென்றே தெரியாதவர்கள்கூட "கதவுக்காரர்!" என்று கூப்பிடுகிறார்கள். விழா அன்று கேக் சாப்பிடுவதற்காகப் பழைய தானியக் களஞ்சியத்தில் நாற்காலி அடுக்கினேன். எனக்கு முதுகு வலி. சந்தோஷமான முதுகு வலி.

செப்டம்பர் 16, புதன்

ஹில்டாவும் ரோஜரும் ஆள் கணக்கெடுத்தார்கள். எட்டும். மிச்சம் இருக்காது. ஒருவர் வராவிட்டாலும் ஓட்டைதான்.

"பெருமாள், நீங்களும் உண்டு" என்றார் ஹில்டா.

நான் பார்த்து எழுதுகிறவன், தேர் வடத்தைக்கூடத் தொட்டதில்லை என்றேன்.

"எழுத ஒரு கை போதும். எனக்கு ரெண்டும் வேணும். டாக்டரம்மாவும் வருவாங்கதானே?"

வீட்டில் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டிப்பா" என்றாள் கோமதி.

"சரி."

"எல்லாரும் அவரைப் பத்திக் கேப்பாவ" என்றாள். அப்புறம், "புராஜெக்ட் பத்தி" என்று சேர்த்துக்கொண்டாள்.

கிளினிக் வாசலில் ஞாயிறு விடுமுறை என்று பலகை தொங்குகிறது. இந்த வாரம் சேதுவின் பெயருக்கு வந்த கடிதம் ஒன்றின் மேல் புது முகவரி ஒட்டித் தபாலில் போட்டாள். அபர்டீன் இல்லை. லண்டன். பார்த்ததைக் குறித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 19, சனி

என் திரும்பும் டிக்கெட்டுக்கு இன்னும் பத்து நாள். கோமதி அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாளைக்கு வெயில் என்று வானொலி சொல்கிறது.

செப்டம்பர் 20, ஞாயிறு

வெயில்! நல்ல, கூசுகிற வெயில்.

நான் கிளம்பும்போது கோமதி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். டூட்டி பற்றி நான் கேட்கவில்லை. "கோமு, சமையக்கட்டு ஜன்னலைத் திறந்து வை. நல்ல காத்து வருது" என்று மட்டும் சொன்னேன்.

ஊரே வந்திருந்தது. தள்ளுவண்டியில் குழந்தைகள், இரண்டு கைத்தடிகள், ஒட்டகத் தலையோடு ஒருவர். மணிக்கூண்டிலிருந்து தொடங்கித் தெற்குச் சுவர் நெடுக, வடக்குச் சுவர் நெடுக ஆட்கள் விரிந்தார்கள். தெற்குக் கதவு வழியாக வரிசை உள்ளே நுழைந்தது. பீடப் பகுதியின் நடுவில், தேய்ந்த பள்ளத்தில், நான். என் வலது கை ஃபியோனாவிடம். வடக்குக் கதவின் நிலைப்படியில் ஹில்டா. அவருடைய இடது கை, அங்கி அறையில் நிற்பவரின் கையில். எனக்கும் ஹில்டாவுக்கும் நடுவே ஒரு ஆள் இடம்.

யாரோ ஒருவர் வரவில்லை. காய்ச்சலாம்.

நான் கையை நீட்டினேன். ஹில்டா நீட்டினார். வரிசை முழுவதும் இழுத்துப் பார்த்தது. விரல் நுனிகளுக்கு நடுவே காற்றுதான் இருந்தது.

வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது. "கூடிச்சா?" என்று குரல்கள்.

"இல்லை!" என்றார் ஃபியோனா.

ஹில்டாவின் கழுத்தில் நீலத் துண்டு இருந்தது. அவர் பார்வை அதன்மேல் போயிற்று. நானும் பார்த்தேன். அவர் தொடவில்லை.

வெளியிலிருந்து ரோஜர், மூன்று வயல் தாண்டும் குரலில்: "இன்னும் ஒரே ஒரு ஆள்! ஒரே ஒரு கை வேணும்!"

யூ மரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின. பிறகு எதுவும் நடக்கவில்லை. ஹில்டா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "பிக்னிக்கும் நல்லதுதான்" என்றார்.

கூடத்தின் வாசலில் காலடிச் சத்தம். யாரோ ஓடி வருகிறார்கள். ரப்பர் செருப்பு கல் தரையில் அறைகிற சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். கோமதி. தோளில் கைத்துண்டு. முழங்கை வரை சோப்பு நுரை.

"அந்த மனுசன் சத்தம் சமையக்கட்டு வரைக்கும் கேட்டுது" என்றாள் மூச்சு வாங்க. பள்ளத்தில் வந்து நின்றாள். ஈரக் கையால் என் கையைப் பிடித்தாள். மறு கையை ஹில்டா பிடித்துக்கொண்டார். எதுவும் கேட்கவில்லை.

"கூடிடுச்சு!" என்று கத்தினார் ஃபியோனா. வெளியே அந்தச் சொல் ஆளுக்கு ஆள் கைமாறிப் போவது கேட்டது. பிறகு மொத்த ஊரும் அமைதியானது. ஹில்டா இடது கையை அழுத்தினார். அழுத்தம் அங்கி அறை வழியாக வெளியே போனது.

இனி அது வடக்குச் சுவரைக் கடந்து, மணிக்கூண்டைச் சுற்றி, தெற்குச் சுவர் வழியாகத் திரும்பி வரவேண்டும். எங்களுக்கு எதுவும் தெரியாது. காத்திருக்க வேண்டியதுதான். எங்கள் எதிரே பீடமும் வண்ணக் கண்ணாடியும். தரையில் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம்.

"அப்பா" என்றாள் கோமதி, பீடத்தைப் பார்த்தபடியே. தமிழ் தெரிந்தவர்கள் அங்கே வேறு யாருமில்லை. "சேது இனி வரமாட்டாருப்பா."

"தெரியும்ளா."

"எப்பத்துலேருந்து?"

"செருப்பு அலமாரியைப் பாத்ததுலேருந்து."

"கேக்கவே இல்லையே நீங்க."

"நீயா சொல்லணும்னு இருந்தேன்."

அவள் கையை விடவில்லை. அப்போது ஃபியோனாவின் விரல்கள் இறுகின. வந்துவிட்டது! ஊரைச் சுற்றி, அத்தனை பேர் கையிலும் தங்கிக் கிளம்பி, என் வலது கைக்கு வந்துவிட்டது. நான் கோமதியின் கையை அழுத்தினேன். ஒருமுறை போதும். நான் கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டேன். அவள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஹில்டாவின் கையை அழுத்தினாள்.

ஹில்டா போட்ட சத்தத்தை எழுத எனக்கு எழுத்து இல்லை. ரோஜர் பண்ணையில்தான் அப்படிக் கேட்டிருக்கிறேன். வெளியே ஊர் பதிலுக்குக் கத்தியது. ரோஜர் மணிக்கூண்டுக்கு ஓடிக் கயிற்றில் தொங்கினார். மணி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. ஹில்டா கோமதியைக் கட்டிக்கொண்டு, "டாக்டர், உங்க கை சோப்பு வாசனை!" என்று அழுதார்.

கேக் சாப்பிட்டோம். சேதுவைப் பற்றி ஒருவர் கேட்டார். கோமதி, "அவர் இப்போ லண்டன்ல இருக்கார். நாங்க பிரிஞ்சுட்டோம்" என்றாள். கேட்டவர் அவள் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தார்.

செப்டம்பர் 21, திங்கள்

டிக்கெட்டைத் தள்ளிப் போட்டேன். அக்டோபரில் ஹில்டா சாமான் கட்ட ஆள் வேண்டும் என்கிறார்.

மழை. சேறான என் ஷூவைத் துடைத்து, அலமாரியில் மூன்றாவது தட்டில் வைத்தேன்.